காரீயக் குழியும் தென்னங்கன்றும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் ஏ.எல். முடித்துவிட்டு இருக்கும் பிள்ளை இருந்தால் அவருக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது என்னிடம் படித்த ஒரு பையன் வழியில் பிடித்துக்கொண்டான். வீட்டில் முக்கால் ஏக்கர் காணி இருக்கிறது, பழைய தென்னை நிற்கிறது, அதற்குக் கீழே வெற்றிலை போடப் போகிறானாம். ஓரத்தில் தென்னங்கன்று நாற்றுமேடையும் வைக்க ஆசை. வாப்பாவுக்கு விருப்பமில்லை. "கட்டாருக்குப் போ, இல்லாட்டி மினிரன் பக்கம் ஏதாவது வேலை பாரு" என்கிறாராம். கடனுக்கு ஒரு வங்கிக்குப் போயிருக்கிறான். காணிக்கு உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் அவன் கேட்டதுதான் எனக்கு உறைத்தது. "சேர், இந்தப் பக்கத்துல யாராவது தோட்டம் செஞ்சி முன்னுக்கு வந்திருக்காங்களா? மினிரன் காசுலதானே எல்லாரும் பெரியாள் ஆனாங்க?"

நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். நின்ற இடத்தில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவுதான் பதில்.

நம்ம குருநாகல் மாவட்டத்தில் தொடங்கஸ்லந்தப் பக்கம் கஹட்டகஹ, கொலொங்கஹ சுரங்கங்கள் இருக்கின்றன. கேகாலைப் பக்கம் போகல இருக்கிறது. பூமிக்குள் 2000 அடி வரை இறங்குகிற சுரங்கங்கள் இவை. பாறை வெடிப்புக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற சுத்தமான காரீயம் உலகத்தில் வியாபார அளவில் கிடைப்பது நம்ம நாட்டில்தான். சிங்களத்தில் மினிரன் என்கிறோம். வெள்ளைக்காரன் பிளம்பேகோ என்றான். பெயர்தான் காரீயம், ஈயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது கரி, கிட்டத்தட்ட முழுக்கக் காபன்.

ஒல்லாந்தர் காலத்திலேயே, 1675இல், ஆளுநர் ரிக்லொப் வன் கூன்ஸ் இந்தத் தாதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏற்றுமதி தொடங்கியது பிரித்தானியர் காலத்தில், 1820களில். இரும்பும் உருக்கும் உருக்குகிற மூசைகளுக்கு இது தேவைப்பட்டது. நெருப்பில் வெடிக்காத பாத்திரம் வேண்டுமென்றால் இலங்கைக் காரீயம் கலக்க வேண்டும். இலண்டனில் மோர்கன் கம்பனி, அமெரிக்காவில் டிக்சன் கம்பனி என்று பெரிய பெரிய மூசைக்காரர்கள் நம்ம மண்ணிலிருந்து போன காரீயத்தில்தான் தொழில் செய்தார்கள். முதலாம் உலக யுத்தம் வந்தபோது பீரங்கிக் குண்டுக்கு உருக்கு வேண்டியிருந்தது. 1916இல் ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. நம்ம நாட்டுக் காரீயத்தின் உச்சம் அதுதான்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் வெள்ளைக்காரர் முதல் போட்டார்கள். காரீயத்தில் அப்படி இல்லை. அது பெரும்பாலும் இந்நாட்டவர் கையில் இருந்தது. காரணம் லேசானது. ஆரம்பத்தில் ஒரு குழி தோண்டப் பெரிய முதல் தேவையில்லை. மண்வெட்டி, கயிறு, கையால் சுற்றுகிற உருளை, வாளி, நாலைந்து ஆள். நிலச் சொந்தக்காரனுக்கு ஒரு பங்கு, தோண்டினவனுக்கு ஒரு பங்கு. காரீயம் பட்டால் அதிர்ஷ்டம். படாவிட்டால், அல்லது தண்ணீர் ஊறி வந்துவிட்டால், குழியைப் போட்டுவிட்டு அடுத்த இடம். குருநாகல், கேகாலை, களுத்துறை, காலி, இரத்தினபுரி என்று எல்லாப் பக்கமும் இப்படி ஆயிரக்கணக்கில் குழிகள். தென் மாகாணத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து தோண்டினார்கள். கொழும்பு மடுவங்களில் பெண்கள் உட்கார்ந்து காரீயத்தைத் தெரிந்து, சுத்தம் செய்து, தரம் பிரித்தார்கள். முகமெல்லாம் கறுப்பு, கூலி சொற்பம்.

அந்தக் காசு எங்கே போனது?

போத்தலையைச் சேர்ந்த தொன் ஸ்பேட்டர் சேனாநாயக்க காரீயத்தில் சம்பாதித்தவர்களில் முக்கியமான ஒருவர். வந்த காசைக் குழிக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. தென்னையிலும் றப்பரிலும் போட்டார். அவருடைய கடைசி மகன் 1884இல் பிறந்தவர். படிப்பு முடிந்து நில அளவைத் திணைக்களத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகம் என்றால் எவ்வளவு மதிப்பு என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பையன் அதை விட்டுவிட்டு வீட்டுத் தோட்டங்களைப் பார்க்கப் போனார். காடு மேடு என்று திரிந்ததால் "கலே ஜோன்", அதாவது காட்டு ஜோன், என்று பட்டப் பெயரும் வந்தது. அவர்தான் பிறகு இந்த நாட்டின் முதல் பிரதமரான டி.எஸ். சேனாநாயக்க.

இன்னொருவர் சேர் ஜோன் கொத்தலாவல, நம்ம கஹட்டகஹ சுரங்கத்தோடு சம்பந்தப்பட்டவர். தாய் அலிஸ், காரீயத்தில் பேர்பெற்ற அத்திகல முதலியாரின் மகள். சிறு வயதிலேயே தந்தை போய்விட்டார். தாய்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். மகன் இங்கிலாந்துக்குப் போய் கேம்பிரிட்ஜில் படித்தார். படித்தது சட்டமோ வைத்தியமோ அல்ல, விவசாயம். திரும்பி வந்து தோட்டங்களையும் சுரங்கத்தையும் சேர்த்துப் பார்த்தார். 1953இல் பிரதமரானார்.

ஆக, தம்பி, உன் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இதுதான். மினிரன் காசில் பெரியாள் ஆனார்கள் என்பது உண்மை. பெரியாளாகவே நிலைத்தவர்கள் அந்தக் காசை மரமாக மாற்றியவர்கள். யுத்தம் முடிந்து 1918க்குப் பிறகு காரீய விலை விழுந்தது. மடகஸ்காரின் மலிவான காரீயம் சந்தைக்கு வந்தது. குழிகள் வரிசையாக மூடப்பட்டன. குழியை மட்டும் நம்பியிருந்தவன் கையில் வாளியும் கயிறும்தான் மிச்சம். தென்னை வைத்தவனுக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் பறிப்புக்குப் பறிப்பு காய் விழுந்தது.

ஆனால் இரண்டாவது பாதியையும் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். இவர்களெல்லாம் முதலோடு விவசாயத்துக்கு வந்தவர்கள். தென்னை நட்டு ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறேழு வருடம் சாப்பிடுவதற்குக் காசு இருந்தது. தோண்டின கூலிக்காரனுக்கு அது இருக்கவில்லை. காட்டை வெட்டித் தென்னை நட்டதும் பெரும்பாலும் சாதாரணக் கிராமத்து மனிதன்தான். கன்று வளரும்வரை இடையில் மரவள்ளி, குரக்கன், வாழை என்று போட்டுப் பிழைத்துக்கொண்டு மரத்தை ஆளாக்கினான். சில இடங்களில் நட்டவனுக்கு மரத்தில் பங்கும் கிடைத்தது. பல இடங்களில் மரம் காய்த்ததும் அவன் வேறு காடு பார்க்கப் போனான்.

நிலம் எப்படிக் கைமாறியது என்பதும் முக்கியம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமும் 1897இன் தரிசு நிலச் சட்டமும் உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலம் என்றன. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவனிடம் கடுதாசி ஏது? அரசாங்கம் எடுத்து ஏலம் விட்டது. காசு உள்ளவன் வாங்கினான். அந்தக் காசில் தேயிலைக் காசும் இருந்தது, காரீயக் காசும் இருந்தது.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 1927இல் காணி ஆணைக்குழு அமைந்தது. டி.எஸ். சேனாநாயக்க அதில் உறுப்பினர். 1931இல் விவசாய, காணி அமைச்சரானார். 1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது, 19ஆம் இலக்கம். அரசாங்கக் காணியை ஏழை விவசாயிக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுப்பது, ஆனால் அவன் நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ துண்டு போடவோ கூடாது, வாரிசாக ஒருவரைப் பெயர் குறிக்க வேண்டும். மின்னேரியாக் குடியேற்றமும் அந்தக் காலத்தில்தான்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? கையில் உறுதியைக் கொடுத்தால் விவசாயி ஒரு மழை பொய்த்ததும் கடன்காரனிடம் காணியைப் பறிகொடுத்துவிடுவான் என்று ஆணைக்குழு பயந்தது. அந்தப் பயம் நியாயமானது. அந்த நூறு வருடத்தில் அதுதான் நடந்திருந்தது. காசு உள்ளவன் நிலத்தைச் சேர்த்த காலத்தில் வளர்ந்த ஒருவரே, இல்லாதவனுடைய நிலம் கைவிட்டுப் போகாமல் வேலி கட்டினார். அந்த வேலியால்தான் நம்ம பக்கத்தில் எத்தனையோ குடும்பத்துக்கு இன்னும் கால் வைக்க மண் இருக்கிறது. அதே வேலிதான் போன வாரம் அந்தப் பையனை வங்கி வாசலில் நிறுத்தியதும். பாதுகாப்புக்குக் கட்டின வேலிக்கு வாசல் வைக்க மறந்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனியுங்கள். பெயர் குறிக்காமல் அனுமதிப்பத்திரக்காரர் மௌத்தானால், அந்தச் சட்டத்தின் வாரிசு ஒழுங்கில் மகனுக்குத்தான் முதலிடம், மகள் பின்னால். நாட்டில் எத்தனை பெண்கள் உழைத்த மண்ணை இதனால் இழந்தார்கள்! அந்தப் பாகுபாட்டை நீக்கச் சட்டத்தைத் திருத்தியது 2022இல்தான், எண்பத்தேழு வருடம் கழித்து.

அடுத்த கட்டத்துக்கு வருவோம். 1960களில் படித்துவிட்டு வேலையில்லாத இளைஞர் கூட்டம் பெருகியது. டட்லி சேனாநாயக்கவின் ஆட்சியில் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு என்று காட்டை வெட்டிப் படித்த பிள்ளைகளுக்குக் காணி கொடுத்தார்கள். மிளகாயும் வெங்காயமும் போட்டார்கள். 1970க்குப் பிறகு அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் அந்தப் பிள்ளைகள் நல்ல காசு பார்த்தார்கள். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டு மிளகாய் வந்தது, விலை விழுந்தது. அதே மண், அதே கை, அதே உழைப்பு. சந்தை மாறியதும் கணக்கு மாறிவிட்டது.

சுரங்கப் பக்கம் என்ன நடந்தது? 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தது. போகல சுரங்கம் இருக்கிற கேகாலை மாவட்டம் அந்தக் கிளர்ச்சி கடுமையாக இருந்த இடங்களில் ஒன்று. துப்பாக்கி தூக்கியவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் படித்த பிள்ளைகள். ஒரு சுரங்கம் மாவட்டத்தில் இருப்பதால் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே 1971இல் காரீயச் சுரங்கங்களை அரசாங்கம் எடுத்து அரச காரீயக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்தது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவருக்கு வயல் 25 ஏக்கர், மற்றக் காணி 50 ஏக்கர் என்று எல்லை வைத்தார்கள். காரீயத்தால் வந்த குழியும் போனது, காரீயக் காசில் வாங்கிய தோட்டத்தில் பெரும் பகுதியும் போனது. கிராமத்து இளைஞருக்கென்று பிரதேச அபிவிருத்திச் சபைகள் மூலம் சிறு பண்ணை, சிறு கைத்தொழில் என்று தொடங்கினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வேலை வரவில்லை. கட்டடமும் கடனும் வந்தன, சந்தை வரவில்லை.

இப்போது எப்பாவலைக்கு வாருங்கள். நம்ம மாவட்டத்துக்குப் பக்கத்தில் அனுராதபுர மாவட்டம். 1971இல் அங்கே பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1990களில் ஒரு வெளிநாட்டுக் கம்பனியோடு 30 வருட ஒப்பந்தத்துக்கு அரசாங்கம் தயாரானது. 56 சதுர கிலோமீற்றர் பிரதேசம், 2 கோடி 60 இலட்சம் தொன் தோண்டுகிற திட்டம். ஏறக்குறைய 12,000 பேர் வீடு வாசல் விட்டுப் போக வேண்டும். தாதுசேனன் காலத்து ஜய கங்கை, கலாவெவயிலிருந்து அனுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பழைய கால்வாய், அதுவும் ஆபத்தில்.

ஏழு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். நெல்லும் தென்னையும் செய்கிற ஊர்க்காரர்கள், அவர்களோடு ஊர் விகாரையின் பிக்கு ஒருவர். 2000 ஜூனில் தீர்ப்பு வந்தது. நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதியது. இந்த ஒப்பந்தம் அவர்களுடைய அடிப்படை உரிமைகளை மீறும் அபாயம் உள்ளது என்றார்கள். சமத்துவ உரிமை, விரும்பிய இடத்தில் வாழும் உரிமை, இவற்றோடு 14(1)(எ) எனத் தமிழில் எழுதினாலும் ஆங்கில எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான், தொழில் செய்யும் உரிமை. மண்ணை ஆள்பவன் அதற்கு எசமான் அல்ல, காவலன் மட்டுமே என்ற மகிந்த தேரரின் பழைய உபதேசத்தையும் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார்கள். மண் நம்மிடம் அமானிதம் என்று வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

அந்தத் தீர்ப்பின் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். வயல் செய்வது வேறு வழியில்லாதவனின் பிழைப்பு அல்ல. அது சட்டம் காக்கிற ஒரு தொழில், ஒரு உரிமை.

எப்பாவலையில் இன்றைக்கும் சிறிய அளவில் பொசுபேற்று எடுக்கிறார்கள். அது தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் நெல்லுக்குச் சரிவராது, தென்னை, தேயிலை, றப்பர் மாதிரி நீண்டகாலப் பயிருக்கு நல்லது. சுரங்கமும் தோட்டமும் பகையாளிகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அளவோடு எடுத்தால் ஒன்று மற்றதற்கு எரு போடும்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மூத்தவாப்பாவுக்குச் சுரங்கத்துக்குப் போகிற பாதையில் ஒரு சில்லறைக் கடை. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கடன் கொப்பிக்கு. சுரங்கத்தில் வேலை குறைந்த வருடம் கொப்பியில் இருந்த கடன் அப்படியே நின்றுவிட்டது. கேட்கவும் முடியாது, அவர்களிடம் என்ன இருக்கிறது? அந்த வருடம் வீட்டில் அடுப்பு எரிந்தது மூத்தும்மா கிணற்றடியில் வைத்திருந்த வெற்றிலைக் கொடியால். கிழமைக்குக் கிழமை பறித்துக் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு அனுப்புவா. கடை போன பிறகும் கொடி நின்றது. வாப்பா படித்ததும், அதனால் நான் படித்ததும் அந்தக் கொடியில்தான்.

குருநாகல் வெற்றிலை இன்றைக்கு நம்ம வாயோடு நிற்கவில்லை. கறுத்த, தடித்த இலை பாகிஸ்தானுக்கு ஏற்றுமதியாகிறது. தென்னைக்குக் கீழே நிழலில் வரும், கிளிரிசிடியாவில் ஏறும், தென்னை மாதிரி ஆறேழு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் கன்றுக்கு இடையில் குரக்கன் போட்டவன் கணக்கும் இதுதான். நீண்ட பயிர் வளரும்வரை குறுகிய பயிர் சோறு போட வேண்டும்.

இப்போது காரீயம் பற்றி மறுபடியும் பேச்சு. பற்றரி, கிரபீன் என்று பத்திரிகையில் வருகிறது. விலை ஏறலாம், வேலையும் வரலாம். வந்தால் நல்லது, போகிறவர்கள் போகட்டும். உழைப்பில் கேவலம் இல்லை. ஆனால் 1916ஐயும் 1918ஐயும் மறந்துவிடாதீர்கள். இரண்டு வருட இடைவெளிதான்.

தம்பிக்கும் அவன் வாப்பாவுக்கும் நான் சொல்வது இது.

முதலில் காணிக் கடுதாசி. பிரதேச செயலகத்துக்குப் போய் அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, வாரிசு பதியப்பட்டிருக்கிறதா, அளிப்புப் பத்திரமாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். வாப்பா உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது. அனுமதிப்பத்திரக் காணியை எந்த வங்கியும் ஏற்காது என்பதும் பிழை. சட்டத்தில் குறித்த நிறுவனங்களுக்கு, பிரதேச செயலாளரின் சம்மதத்தோடு ஈடு வைக்க வழி இருக்கிறது. ஒரு கவுண்டரில் இல்லை என்றால் கதை முடிந்ததல்ல. வட்டி வேண்டாம் என்பவர்கள் குடும்பத்துக்குள் பங்கு முறையில் சேர்ந்து தொடங்கலாம். காரீயக் குழியே பங்கில்தான் தொடங்கியது.

இரண்டாவது, சந்தையைப் பார்த்துவிட்டு நடு. விசுவமடுப் பிள்ளைகளின் பாடம் அது. வெற்றிலை வாங்குகிறவரிடம் போய் எந்த இலை வேண்டும், என்ன விலை, மழைக் காலத்தில் என்ன செய்வார் என்று கேட்டுவிட்டுக் கொடி போடு. ஒரே பயிரை நம்பாதே.

மூன்றாவது பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும். வெளிநாடு போகிற பிள்ளைக்கு ஏஜென்சிக் காசு திரட்டித் தருகிறோம். தோட்டம் செய்யப் போகிற பிள்ளைக்கு முதல் ஒரு வருடச் செலவுக்கு யார் தோள் கொடுப்பது? டி.எஸ். உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனபோது பின்னால் அப்பன் சேர்த்த காசு நின்றது. நம்ம பிள்ளைக்குப் பின்னால் ஊர் நிற்க வேண்டும்.

இவன் கேட்ட கேள்வியை இன்னும் ஐம்பது வருடம் கழித்து வேறொரு பையன் வேறொரு ஆசிரியரிடம் கேட்பான். அன்றைக்குப் பதில் சொல்ல அந்த ஆசிரியர் சேனாநாயக்க வரை போகத் தேவையில்லாமல், இதே ஊரில் ஒரு வீட்டைக் காட்டினால் போதும் என்று இருக்க வேண்டும். அதுதான் என் துஆ.

தவறு ஏதும் இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். சுரங்கத்தில் வேலை செய்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் கதையைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவை எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.